மாதுளம்பழமும் சங்கிலியும்: மைக்கேல் டோல்ஸின் ‘மஜ்னூன்’ நூலை முன்வைத்து

இஸ்லாமிய நாகரிகத்தின் மருத்துவப் பங்களிப்பைப் பேசும் கட்டுரைகளில் மனநோயாளர் பராமரிப்புக்கு இப்போது ஒரு நிலையான இடம் கிடைத்துவிட்டது. ஐரோப்பா பித்தரைப் பேய் பிடித்தவராகக் கருதித் துன்புறுத்திக் கொண்டிருந்த காலத்தில், நமது பீமாரிஸ்தான்களில் நீரூற்றும் நறுமணமும் இன்னிசையும் அவர்களுக்கு மருந்தாகின என்ற வாக்கியம் பல மேடைகளில் ஒலித்துப் பழகிவிட்டது. உலகின் முதல் மனநல மருத்துவமனை கி.பி. 705 இல் பக்தாதில் நிறுவப்பட்டது என்ற செய்தியும் அதனுடன் சேர்ந்து வருகிறது. சில இடங்களில் அதை நிறுவியவர் அபூபக்ர் அர்-ராஸீ என்றும் எழுதப்படுகிறது.

இச்செய்தியைச் சற்று நின்று நோக்கினால் போதும். பக்தாத் நகரை அப்பாஸியக் கலீபா அல்-மன்ஸூர் நிறுவியது கி.பி. 762 இல். அர்-ராஸீ பிறந்தது அதற்கும் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர். இல்லாத நகரில், பிறவாத மருத்துவர் ஒரு மருத்துவமனையைத் தொடங்கியிருக்க இயலாது. உமையாக் கலீபா அல்-வலீத் ஹிஜ்ரி 88 இல் தொழுநோயாளரைத் தனியே வைத்துப் பராமரிக்கச் செய்த ஏற்பாட்டை அல்-மக்ரீஸி குறிப்பிடுகிறார். அச்செய்தியின் நிழல் இடம் மாறி, நோய் மாறி, இந்த வடிவத்தை அடைந்திருக்கக்கூடும். எவ்வாறாயினும், ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபாராமல் எடுத்தாண்டதால் ஒரு பிழை வரலாறாக நிலைபெற்றுவிட்டது.

இதனைப் பிழை திருத்தும் ஆர்வத்தால் மட்டும் நாம் இங்கு எழுப்பவில்லை. பெருமை பேசும் அவசரத்தில் நாம் கேட்க மறந்த கேள்வி ஒன்று உள்ளது. தன் விருப்பமின்றி ஒரு கட்டடத்துக்குள் வைத்துப் பூட்டப்பட்ட மனிதன்மீது கருணை காட்டுவது எவ்வாறு? பூட்டும் கருணையும் ஒரே கூரையின்கீழ் வாழ முடியுமா? நமது வரலாறு இக்கேள்விக்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அது மேடைப் பேச்சில் வரும் விடையைவிடச் சிக்கலானது. அதனாலேயே அதிகப் பயனுள்ளது. அவ்விடையைத் தேடுவோருக்கு இன்றளவும் தவிர்க்க இயலாத நூல், அமெரிக்க வரலாற்றாய்வாளர் மைக்கேல் டோல்ஸ் எழுதிய ‘மஜ்னூன்: இடைக்கால இஸ்லாமிய சமூகத்தில் பித்தன்’ என்பதாகும்.

நூலும் அதன் நோக்கும்

மத்திய கிழக்கில் கொள்ளை நோயின் வரலாற்றை 1977 இல் வெளியான தமது நூலின் மூலம் ஆராய்ந்து பெயர் பெற்றவர் டோல்ஸ். ‘மஜ்னூன்’ நூலின் பணியில் இருந்தபோதே 1989 இல் காலமானார். அவரது கையெழுத்துப் பிரதி மற்றொருவரால் செப்பனிடப்பெற்று 1992 இல் ஆக்ஸ்ஃபோர்டில் அச்சேறியது. ஆசிரியரின் கடைசிக் கை படாத நூல் என்பதன் அடையாளங்களை அங்கங்கே காணலாம். சில இடங்களில் சான்றுகள் குவிகின்றன, ஆனால் அவற்றைக் கோக்கும் முடிவுரை வருவதில்லை. ஆயினும் அதன் பரப்பு வியப்புக்குரியது. கிரேக்க மருத்துவர் கேலனின் வழிவந்த மருத்துவம், ஓதிப் பார்த்தல் முதலான சமய வழிச் சிகிச்சை, மாந்திரீகம், ஷரீஅத் சட்டத்தில் பித்தனின் நிலை, இலக்கியத்தில் வரும் காதற் பித்தன், அறிவுடைப் பித்தன், இறைப் பித்தன் என அனைத்தையும் ஒரே நூலுக்குள் கொண்டுவந்தவர் அவருக்கு முன் எவருமிலர்.

டோல்ஸின் அடிப்படைக் கருத்தை இவ்வாறு சுருக்கலாம். இடைக்கால முஸ்லிம் சமூகத்தில் பித்துக்கு ஒரே விளக்கம் இருக்கவில்லை. மருத்துவர் அதனை உடலின் திரவங்கள் நிலைகுலைந்ததன் விளைவாகக் கண்டார். சாமானியர் ஜின்னின் தீண்டலாகக் கண்டனர். ஸூஃபி சில வேளைகளில் அதனை இறைநெருக்கத்தின் அடையாளமாகக் கண்டார். நீதிபதியான காதியோ பொறுப்பு நீங்கிய நிலையாக மட்டும் கண்டார். இவ்விளக்கங்களில் எதுவும் மற்றவற்றை முற்றாக வீழ்த்தவில்லை. எனவே பித்தனுக்குச் சமூகத்தில் சற்று விரிந்த இடம் கிடைத்தது. பெரும்பாலான பித்தர்கள் வீட்டிலேயே குடும்பத்தாரால் பராமரிக்கப்பட்டனர். மருத்துவமனை, வீட்டில் வைத்துக் காக்க இயலாத சிலருக்கும் வீடே இல்லாதவருக்கும் உரிய இடமாகவே இருந்தது.

இந்நூலின் நேர்மை அதன் மருத்துவமனை பற்றிய பகுதியில் நன்கு வெளிப்படுகிறது. டோல்ஸ் பீமாரிஸ்தானை மதிக்கிறார், ஆனால் அங்கிருந்த சங்கிலியை மறைக்கவில்லை. நம்மவர் கட்டுரைகள் இந்நூலிலிருந்து நீரூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு சங்கிலியை விட்டுவிட்டன என்பதே நமது முதல் குறை.

கண்டவர் கூற்று

பீமாரிஸ்தான்களை நேரில் கண்டவர்கள் எழுதி வைத்திருப்பதை வரிசையாக நோக்குவோம்.

அந்தலூஸிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட இப்னு ஜுபைர் 1183 இல் கெய்ரோவுக்கு வந்தார். ஸலாஹுத்தீன் ஐயூபி அங்கு ஏற்படுத்தியிருந்த மருத்துவமனை அவருக்கு ஓர் அரண்மனையைப் போலத் தோன்றியது. ஆண்களுக்கு ஒரு பகுதி, பெண்களுக்குத் தனிப் பகுதி. அவற்றையொட்டி விரிந்த முற்றமுடைய மூன்றாவது இடமொன்று இருந்தது. அங்கு இரும்புக் கம்பியிட்ட சாளரங்களைக் கொண்ட அறைகளில் பித்தர்கள் வைக்கப்பட்டிருந்தனர். அவர்களது நிலையையும் நாள்தோறும் பார்த்து, ஏற்றதைக் கொடுக்க ஆட்கள் இருந்தனர். சுல்தான் இவற்றைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்தார் என்பதையும் இப்னு ஜுபைர் குறிப்பிடத் தவறவில்லை. அடுத்த ஆண்டு அவர் திமிஷ்கில் நூருத்தீன் ஸங்கி 1154 இல் நிறுவிய மருத்துவமனையைப் பார்த்தார். அங்கு அடைக்கப்பட்டிருந்த பித்தருக்கும் ஒருவகைச் சிகிச்சை உண்டு என்கிறார். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள் என்று உடனே சேர்க்கிறார். அக்காட்சியைக் கண்டு இறைவனிடம் பாதுகாவலும் தேடுகிறார்.

அவருக்குச் சில ஆண்டுகள் முன்னதாக வந்த துதேலா நகரத்து யூதப் பயணி பெஞ்சமின் பக்தாதைப் பற்றிக் கூறுவதும் இத்தகையதே. அங்கும் பித்தர் சங்கிலியில் இருந்தனர். ஆயின் அதிகாரிகள் மாதம் ஒருமுறை வந்து ஒவ்வொருவரையும் விசாரித்தனர். புத்தி தெளிந்தவர் விடுவிக்கப்பட்டு வீடு திரும்பினார்.

மூன்றாவது சாட்சி மிகக் கசப்பானது. பின்னாளில் லியோ ஆஃப்ரிகானஸ் என்று ஐரோப்பாவில் அறியப்பட்ட ஹஸன் அல்-வஸ்ஸான், இளமையில் ஃபாஸ் நகர மருத்துவமனையில் இரண்டாண்டுகள் எழுத்தராகப் பணியாற்றியவர். 1550 இல் அச்சான அவரது நூலில், அங்கு பித்தர் சங்கிலியிட்டு வலுவான அறைகளில் அடைக்கப்பட்டிருந்ததையும், உணவு கொண்டுவரும் பணியாளன் கையில் சவுக்கு வைத்திருந்ததையும், கொந்தளிப்பவரை அதனால் அடித்ததையும் எழுதியிருக்கிறார். அந்நகர மருத்துவமனைகள் முன்னர் செழிப்புடன் இருந்தன என்றும், போர்ச் செலவுக்காக மன்னர் அவற்றின் வருவாயையும் சொத்துகளையும் விற்றதால் அவை வறுமையுற்றன என்றும் அவரே கூறுகிறார். இக்குறிப்பை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இறுதியாக, அனைவரும் மேற்கோள் காட்டும் எதிர்னே. உதுமானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488 இல் கட்டி முடித்த அறக்கட்டளை வளாகத்தின் ஒரு பகுதியே அந்த மருத்துவமனை. குவிமாடத்தின்கீழ் நீரூற்று, அதனைச் சுற்றித் திறக்கும் அறைகள், ஓசை நன்கு பரவும் அமைப்பு என அக்கட்டடம் இன்றும் நிலைத்திருக்கிறது. 1997 முதல் அருங்காட்சியகமாக இயங்கும் அது, 2004 இல் ஐரோப்பியக் கவுன்சிலின் அருங்காட்சியகப் பரிசைப் பெற்றது. பாடகரும் வாத்தியக்காரருமாகப் பத்துப் பேர் வாரத்தில் மூன்று நாள்கள் அங்கு நோயாளருக்காக இசைத்ததை 17 ஆம் நூற்றாண்டுப் பயணி ஏவ்லியா செலபி விவரிக்கிறார். நோயாளருக்கு மலர்கள் தரப்பட்டதையும் அவர் எழுதுகிறார். அதே பக்கங்களில் சங்கிலிகளும் வருகின்றன. பொன்னும் வெள்ளியுமாக மின்னிய சங்கிலிகள் என்று அவர் அவற்றையும் அழகுபடுத்தி எழுதுகிறார். செலபி மிகைபடக் கூறுவதில் வல்லவர். இசையைப் பற்றிய கூற்றை நம்பிச் சங்கிலியைப் பற்றிய கூற்றை மட்டும் மிகை என ஒதுக்க நமக்கு உரிமை இல்லை. மேலும், எதிர்னேயின் இசையை ஏனைய எல்லா மருத்துவமனைகளுக்கும் ஏற்றிக் கூறுவதற்கும் சான்று போதாது.

இச்சான்றுகளிலிருந்து பெறப்படும் முடிவு தெளிவானது. பீமாரிஸ்தானில் சங்கிலி இருந்தது. சில நூற்றாண்டுகளிலும் சில நகரங்களிலும் சவுக்கும் இருந்தது. அடித்தலைச் சில நிலைகளில் ஒரு சிகிச்சையாக மருத்துவ நூல்களே பரிந்துரைத்ததும் உண்டு. இதை ஒப்புக்கொள்வதால் நமது பாரம்பரியம் சிறுமைப்படாது. பிரான்ஸில் ஃபிலிப் பினல் பித்தரின் விலங்குகளைத் தம் கையால் கழற்றினார் என்ற ஓவியத்தையும் கதையையும் அந்நாட்டவர் நெடுங்காலம் போற்றினர். பிஸெத்ர் மருத்துவமனையில் விலங்குகளை அகற்றியவர், பினல் அங்கிருந்து சென்ற பின்னர், 1797 இல், ப்யூஸென் என்ற கண்காணிப்பாளர் என்பதை அவர்களது ஆய்வாளர்களே நிறுவினர். பினலின் மதிப்பு அதனால் அழிந்துவிடவில்லை. கதையைக் களைந்த பின்னும் எஞ்சி நிற்பதுதான் உண்மையான பெருமை.

எஞ்சி நிற்பது எது?

நமது மருத்துவமனைகளில் அவ்வாறு எஞ்சி நிற்பவை மூன்று எனக் கருதலாம். டோல்ஸ் இவற்றை இவ்வாறு தொகுத்துக் கூறவில்லை. அவர் தரும் சான்றுகளையும் மேற்கண்ட பயணிகளின் கூற்றுகளையும் கொண்டு நாம் பெறும் முடிவுகள் இவை.

முதலாவது, இடம். பித்தன் நகருக்கு வெளியே துரத்தப்படவில்லை. காய்ச்சல்காரனும் கண்நோயாளியும் எலும்பு முறிந்தவனும் வரும் அதே கட்டடத்தில், அதே மருத்துவரின் பொறுப்பில், அவனுக்கும் ஒரு பகுதி இருந்தது. அலெப்போவில் அர்கூன் அல்-காமிலீ 1354 இல் ஏற்படுத்திய மருத்துவமனையின் அமைப்பு இதற்கு நல்ல சான்று. பெரிய முற்றத்தைக் கடந்து உள்ளே சென்றால் சிறு முற்றங்கள் வருகின்றன. அவற்றின் நடுவே நீர் விழும் சிறு தடாகங்கள், சுற்றிலும் சிறு அறைகள். அந்த அறைகள் அடைத்து வைப்பதற்கானவை என்பதில் ஐயமில்லை. ஆயின் அடைபட்டவனின் காதில் நீரோசை விழ வேண்டும், அவன் கண்ணில் வானம் பட வேண்டும் என்று கட்டியவன் எண்ணியிருக்கிறான். நோயைத் தண்டனையாகக் கருதிய மனம் இவ்வாறு கட்டாது.

இரண்டாவது, உரிமை. ஷரீஅத்தில் பித்தன் பொறுப்பு நீங்கியவன். உறங்குபவன், சிறுவன், பித்தன் ஆகிய மூவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற கருத்துடைய நபிமொழி யாவரும் அறிந்தது. தொழுகை விடுபட்டதற்கோ செய்த குற்றத்துக்கோ அவன் மறுமையில் கேள்வி கேட்கப்படான். அவனது சொத்தைப் பராமரிக்கப் பொறுப்பாளர் நியமிக்கப்படுவார். ஆனால் சொத்து அவனுடையதாகவே இருக்கும். ஸூரா அந்நிஸாவின் ஐந்தாம் வசனம், அறிவு முதிராதவரிடம் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்று கூறும் அதே மூச்சில், அதிலிருந்து அவர்களுக்கு உணவும் உடையும் அளிக்குமாறும் அவர்களிடம் நல்ல சொற்களைப் பேசுமாறும் பணிக்கிறது. அவ்வசனம் நேரடியாகப் பித்தரைக் குறிப்பதன்று. ஆயினும் பிறர் பொறுப்பில் விடப்பட்ட எவருக்கும் அது பொருந்துவதை மறுப்பதற்கில்லை. உணவு, உடை, நல்ல சொல் ஆகிய மூன்றையும் ஒரே கட்டளையில் கோத்திருப்பது சிந்திக்கத்தக்கது. மருத்துவமனையின் கடமைப் பட்டியலை இதைவிடச் சுருக்கமாக வரைய இயலாது.

மூன்றாவது, திரும்பும் வழி. பெஞ்சமின் குறிப்பிடும் மாதாந்திர விசாரணையின் பொருள், உள்ளே வந்தவன் ஒருநாள் வெளியே செல்வான் என்ற எதிர்பார்ப்பு அங்கு இருந்தது என்பதே. காவலுடன் கூடிய மருத்துவமனையைச் சிறையிலிருந்து வேறுபடுத்துவது சுவரின் உயரமன்று, இந்த விசாரணைதான். “இவன் இன்னமும் இங்கிருக்க வேண்டுமா?” என்ற கேள்வி குறித்த நாளில் தவறாமல் கேட்கப்படும்வரை அது மருத்துவமனை. அக்கேள்வி நின்றுபோனால், அதே கட்டடம், அதே பணியாளர், அதே உணவு இருந்தாலும் அது சிறையாகிவிடுகிறது.

எறியப்பட்ட பழம்

இங்குதான் டோல்ஸின் நூலுடன் நமக்கு உடன்பாடின்மை எழுகிறது. அவரது நூல் பெரும்பாலும் பித்தரைப் பற்றி மற்றவர்கள் எழுதியவற்றின் மேல் எழுப்பப்பட்டது. மருத்துவர், சட்ட அறிஞர், பயணி, கவிஞர் ஆகியோர் பேசுகின்றனர், பித்தன் கேட்டுக்கொண்டிருக்கிறான். சான்றுகளின் இயல்பு அத்தகையது என்பது உண்மையே. ஆயினும் கிடைக்கும் சிறு கீற்றுகளை இன்னும் கூர்ந்து வாசித்திருக்கலாம். அல்-மக்ரீஸி பதிவு செய்துள்ள ஒரு நிகழ்ச்சி அதற்கு எடுத்துக்காட்டு.

எகிப்தின் ஆட்சியாளர் அஹ்மத் இப்னு தூலூன் 872 ஆம் ஆண்டளவில் ஃபுஸ்தாதுக்கு அருகே ஒரு மருத்துவமனையைக் கட்டினார். வந்து சேரும் நோயாளியின் உடையும் பணமும் பொறுப்பாளரிடம் வைக்கப்பட்டன. ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் உண்ணும் அளவுக்குத் தேறியவன் அவற்றைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினான். படைவீரனுக்கும் அடிமைச் சிப்பாய்க்கும் அங்கு இடமில்லை, அது பொதுமக்களுக்குரியது. வெள்ளிதோறும் இப்னு தூலூன் தாமே அங்கு சென்று நோயாளரைப் பார்வையிட்டார், பித்தரையும் பார்த்தார். ஒருநாள் அவர்களில் ஒருவன் அவரை அழைத்தான். தான் பித்தனல்லன் என்றும், சூழ்ச்சியால் அடைக்கப்பட்டவன் என்றும் முறையிட்டான். பெரியதொரு மாதுளம்பழத்தின்மீது தனக்கு ஆசை எனவும் கூறினான். பழம் கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. அவன் மகிழ்ந்து அதைக் கையில் ஏந்தி எடை பார்த்தான். ஆட்சியாளர் கவனம் பிசகிய நேரத்தில் அவர்மீதே வீசினான். பழம் சிதறி உடையெல்லாம் கறைபட்டது. இப்னு தூலூன் அவனைக் கவனமாக வைத்திருக்குமாறு உத்தரவிட்டார். அதன்பின் அம்மருத்துவமனையைப் பார்வையிட அவர் வரவேயில்லை.

இக்கதை வழக்கமாகப் பித்தனின் இயல்புக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. கேட்போர் புன்னகைக்கின்றனர். ஆனால் இதில் ஒரு புகார் அடங்கியிருக்கிறது. “என்னை அநியாயமாக அடைத்திருக்கிறார்கள்” என்று ஒருவன் கூறினான். அவனுக்குப் பழம் கிடைத்தது, விசாரணை கிடைக்கவில்லை. அவன் கேட்டவை இரண்டு. எளிதாகக் கொடுக்கக்கூடியது கொடுக்கப்பட்டது. கருணையின் பெயரால் நாம் இன்றும் செய்வது பெரும்பாலும் இதுவேயல்லவா? நோன்பு மாதத்திலும் பெருநாளிலும் இல்லங்களுக்குச் சென்று பழமும் உடையும் வழங்குகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். “இங்கே உங்களை யார் வைத்தார்கள்? எத்தனை நாளாக? யாரேனும் வந்து கேட்டார்களா?” என்று நாம் வினவுவதில்லை.

அவன் உண்மையில் பித்தனா அல்லனா என்பது இன்று நமக்குத் தெரியாது. பித்தனாகவே இருந்தாலும் நமது வாதம் மாறாது. பழத்தை வீசுவதால் ஒருவனது முறையீடு பொய்யாகிவிடாது. மேலும், ஒரு பழம் எறியப்பட்டதால் அந்த மருத்துவமனையின் எல்லா நோயாளரும் ஆட்சியாளரின் வெள்ளிக்கிழமை வருகையை இழந்தனர். ஒருவரது நன்மனத்தை மட்டும் நம்பி நிற்கும் கருணை, அவர் மனம் புண்பட்ட அன்றே முடிந்துவிடுகிறது. நற்குணம் வேண்டும், ஆனால் நற்குணம் சோர்வடையும் நாளிலும் நடக்கக்கூடிய முறைமை அதைவிட வேண்டும். வக்ஃப் என்ற ஏற்பாட்டின் ஞானம் அதுவே. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284 இல் ஏற்படுத்திய பெரும் மருத்துவமனை பல நூற்றாண்டுகள் நிலைத்ததற்குக் காரணம், அதற்கென எழுதி வைக்கப்பட்ட வக்ஃப் சொத்தும் பணியாளர் கடமைகளை வரையறுத்த பத்திரமுமே. நிறுவியவரின் மனநிலை அதற்குத் தேவைப்படவில்லை. மறுபுறம், ஃபாஸ் நகரத்தில் வக்ஃப் வருவாய் பறிபோன பின்னர் எஞ்சியவை எவை என்பதை அல்-வஸ்ஸான் சொல்லிவிட்டார்: சங்கிலியும் சவுக்கும். இசைவாணருக்கு ஊதியம் கொடுக்க இயலாதபோது இசை நிற்கும். போதிய பணியாளர் இல்லாதபோது சங்கிலி அவர்களது இடத்தை எடுத்துக்கொள்ளும். சங்கிலி ஒருவகையில் மிகக் குறைந்த கூலிக்கு வேலை செய்யும் காவலாளி.

ஏர்வாடியின் முன்னால்

இவ்வளவும் பழங்கதை என்று கடந்துவிட நமக்கு வழியில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் இல்லம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பி ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விஷயத்தைக் கையிலெடுத்தது. ஏர்வாடியிலிருந்த அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன.

ஏர்வாடி தர்காவை நாடி முஸ்லிம்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தம் உறவினரை நெடுங்காலமாக அழைத்து வருகின்றனர். கனவில் விடை கிடைக்கும்வரை அங்கேயே தங்குவது வழக்கம். தர்கா வேறு, அதனைச் சுற்றிப் பெருகிய தனியார் இல்லங்கள் வேறு என்ற வேறுபாட்டை நேர்மையாகச் செய்ய வேண்டும். ஆயினும் அந்த இல்லங்கள் வளர்ந்தது நமது நம்பிக்கையின் நிழலில்தான் என்பதையும் அதே நேர்மையோடு ஏற்க வேண்டும். அடக்கத்தலம் பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடுகளை இங்கு எழுப்புவது நமது நோக்கமன்று. ஜியாரத்தை ஏற்பவரும் மறுப்பவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட முடியும். எழுதுகோல் உயர்த்தப்பட்ட ஒருவனைத் தூணோடு பிணைத்துவிட்டுப் பூட்டிச் செல்வதற்கு எந்த மத்ஹபிலும் ஆதாரம் தேட இயலாது.

டோல்ஸ் கூறிய அந்த விரிந்த இடம், பல விளக்கங்கள் ஒன்றாக வாழ்ந்த அந்த இடம், ஏர்வாடியில் ஏன் சுருங்கியது? நாம் காணும் விடை இது. அங்கு நம்பிக்கை இருந்தது. மருத்துவர் இல்லை, காதி இல்லை, வக்ஃப் பத்திரம் இல்லை, மாதாந்திர விசாரணையும் இல்லை. 1987 ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. மனநோயாளரை உள்ளிருத்திப் பராமரிக்க உரிமம் வேண்டும் என்று அது கூறியது. சட்டம் தாளில் இருந்தது, கேள்வி கேட்பவர் வாசலுக்கு வரவில்லை. பீமாரிஸ்தானில் சங்கிலியைச் சூழ்ந்து பல இருந்தன. ஏர்வாடியில் சங்கிலி மட்டுமே இருந்தது.

நிலைமை பின்னர் மாறத் தொடங்கியதையும் பதிவு செய்ய வேண்டும். 2014 இல் ஏர்வாடியில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘தவா-துஆ’ திட்டம், பிரார்த்தனைக்கு வருபவருக்கு அதே இடத்தில் மனநல மருத்துவரின் மருந்தும் கிடைக்க வழி செய்தது. மருந்தும் பிரார்த்தனையும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்ற டோல்ஸின் வரலாற்றுக் கருத்துக்கு இதைவிட அண்மைய சான்று வேண்டியதில்லை. 2018 இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்தது. உடலைக் கட்டுப்படுத்துவது உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே அனுமதிக்கப்படும். அதுவும் தேவையான நேரத்துக்கு மேல் நீளக் கூடாது, தண்டனையாக அமையக் கூடாது. பணியாளர் பற்றாக்குறையை அதற்குக் காரணமாகக் காட்டவும் கூடாது என்று அச்சட்டம் தனியே குறிப்பிட்டுக் கூறுகிறது. ஃபாஸ் மருத்துவமனையின் எழுத்தர் கண்ட நோயை இவ்விதி சரியாகத் தொட்டிருக்கிறது. விருப்பமின்றி உள்ளிருத்தப்பட்டவரின் நிலையை மறுபரிசீலனை செய்ய வாரியங்களையும் அச்சட்டம் ஏற்படுத்துகிறது. பக்தாதின் மாதாந்திர விசாரணை வேறொரு பெயரில் திரும்பி வந்திருக்கிறது எனலாம். அவ்வாரியங்கள் உண்மையில் வாசலுக்கு வந்து கேட்கின்றனவா என்பதைக் கவனிக்கும் கடமை குடிமக்கள் அனைவருக்கும் உரியது. நமக்குச் சற்று அதிகமாகவே உரியது.

நூலின் பயன்

‘மஜ்னூன்’ எளிய வாசிப்புக்குரிய நூலன்று. அதன் முடிவுரைகள் சில முற்றுப்பெறாதவை. நோயாளியின் குரலை அது போதிய அளவு தேடவில்லை என்ற நமது குறையையும் மேலே கூறினோம். வக்ஃப் பொருளாதாரத்துக்கும் சிகிச்சையின் தரத்துக்கும் உள்ள உறவை அது இன்னும் விரிவாக ஆராய்ந்திருக்கலாம். ஆயினும், நம்மவர் பலரும் கேள்விப்பட்டதைக் கொண்டு பெருமை பேசும் ஒரு துறையில், அரபு மூலங்களுக்குச் சென்று, இனியதையும் கசப்பானதையும் சேர்த்து வைத்தவர் அவர். அவரது நூலின் மருத்துவமனை பற்றிய பகுதிகளேனும் தமிழில் வர வேண்டும். அறபு மத்ரஸாக்களில் ஹஜ்ர் பற்றிய சட்டப் பாடம் நடத்தப்படும்போது, பித்தனின் சொத்தோடு அவனது உடலும் யாருடைய அமானிதம் என்ற கேள்வியும் பேசப்பட வேண்டும். வக்ஃப் வாரியங்களும் ஜமாஅத்துகளும் மனநோயாளருக்கான ஒரு வார்டை, ஒரு செவிலியரின் ஊதியத்தை, ஒரு பகல்நேரப் பராமரிப்பு இல்லத்தை வக்ஃபின் நோக்கமாக எழுதி வைப்பதற்கு மார்க்கத்தில் தடையேதும் இல்லை; முன்மாதிரியோ ஏராளம்.

எதிர்னேயின் நீரூற்றைப் பற்றி எழுதுவோர் இனி எழுதட்டும். ஆனால் எழுதும் முன், அந்தக் கொட்டகையில் எரிந்துபோன 28 பேரில் ஒருவர் அக்கட்டுரையை வாசிக்கிறார் என்று எண்ணிப் பார்க்கட்டும். அவர் கேட்பது நாம் முந்தியா, ஐரோப்பா முந்தியா என்பதாக இராது. இப்னு தூலூனிடம் முறையிட்டவன் கேட்டதைத்தான் அவரும் கேட்பார். பழத்தை நாம் கொடுத்துவிட்டோம். அவனது முறையீட்டை விசாரிக்கும் வேலை இன்னமும் நம்மிடம் பாக்கியிருக்கிறது.